ஒன்பதரை இஞ்சு

பொழியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மூன்று நாள் வயிறு முட்ட மீன் தின்றுவிட்டுத் திரும்பிய ராஜையாவும் லீலாபாயும் முற்றத்தில் நின்று, வந்தது நம் வீட்டுக்குத்தானா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். வீடு அவர்களுடையதுதான். ஓலைக்கூரை, மண்சுவர், வாசலில் தேன்வரிக்கைப் பிலாவு, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மேற்கே தாணுமாலயன் வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் கிடந்த கய்யாலையைத்தான் காணவில்லை. அது கிடந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு புதுச்சுவர் எழும்பி, ஈரம் உலராமல் நின்றது.

கய்யாலை என்பது அதிருக்கு, அதாவது இரண்டு விளைகளின் எல்லைக்கு, வைக்கிற மண்வரப்பு. மஞ்சாடிவிளையில் கல்மதில் கட்டுகிற வழக்கம் அப்போது கிடையாது. மழைக்குக் கரைந்துபோகும் கய்யாலையை மார்கழியில் மண்வெட்டி மறுபடி வைப்பார்கள். ஒரு வருஷம் இந்த வீட்டுக்காரன் முறை, மறு வருஷம் அந்த வீட்டுக்காரன் முறை. வைக்கிறவன் கை அயல்வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் நீளும். அடுத்த வருஷம் அவன் முறை வரும்போது நீண்டது திரும்பி வரும். இப்படி அந்தக் கய்யாலை முப்பது வருஷமாக மேற்கே நாலு விரலும் கிழக்கே நாலு விரலுமாக நடந்துகொண்டே இருந்தது. இதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. நடக்கிற கய்யாலை ஒரேயடியாகக் காணாமல் போனால்தான் தகராறு.

ராஜையா தையல்காரன். கழுத்தில் கிடக்கும் இஞ்சு டேப்பை ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது மட்டும் கழற்றுவான். கல்யாணத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தான். கையிலிருந்த பையைக் கூட இறக்காமல், தன் தையல் அறைச் சுவரிலிருந்து புதுச்சுவர் வரைக்கும் டேப்பைப் பிடித்தான். நாலரை அடி இருந்த இடத்தில் மூன்றடி எட்டரை இஞ்சு இருந்தது.

"ஓய் தாணு! அதிரு எங்க ஓய்?"

தாணுமாலயன் முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்று மண் மிதித்துக்கொண்டிருந்தான். பெருங்கடவிளைச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறவன், நல்ல ஆகிருதி. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"கல்யாணம் நல்லா நடந்துதா? மீனு உண்டா?"

"மீனு கெடக்கட்டு. இஞ்ச கெடந்த கய்யாலை எங்க?"

"அதா? அது செவருல உண்டு."

"செவருலயா?"

"பின்ன? முப்பது வரியம் மழயும் வெயிலும் கொண்ட மண்ணாக்கும். புதுமண்ணு வெட்டுனா இந்தப் பிடி பிடிக்குமா? ஆசாரி சொன்னாரு, நான் எடுத்து மிதிச்சேன்."

"அதிர மிதிச்சு அடுக்களை கெட்டுனவன் நீரு ஒருத்தன்தான் ஓய்! ஒம்பதரை இஞ்சு எனக்க பக்கம் வந்து கெடக்குது!"

"ஒம்பதரை இஞ்சா? அது எத்தற விரலு?"

பதில் சொல்ல வேண்டியவர் மரநிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சதாசிவன் ஆசாரி. மடியில் முழக்கோல். ராஜையாவிடம் டேப் எப்படியோ அப்படி அவரிடம் கோல். அவர் எழுந்து வந்து கோலை ஊன்றி நின்றார்.

"எட்டு விரலு," என்றார். "நான் வேணும்னு தள்ளல்ல ராஜையா. நாலு செவரும் சேத்து அளந்தா சுற்றுக் கணக்கு அப்பிடி வந்து நிக்குது. பதினெட்டுக் கோலு எட்டு விரலு. நல்ல யவ்வனச் சுற்று. ஒரு விரலு கொறஞ்சா மரணச் சுற்று. அந்தச் செவருக்குள்ள ஒரு பெண்ணு அடுப்பு பத்த வைக்கப்பிடாது."

"மேக்க தள்ளி வைக்கணும்."

"மேக்க கெணறு."

"அப்பம் இன்னும் சின்னதாட்டு வேற நல்ல சுற்று பாரும்."

"பாத்தேன். அதுல அடுப்பு வச்சா ஆளு வெளிய நிக்கணும்."

"எனக்க வேதத்துல மரணச் சுற்றுன்னு ஒண்ணும் இல்ல ஆசாரியே!"

"உனக்க வேதத்துல இஞ்சும் இல்ல," என்றார் ஆசாரி. ஊரில் ராஜையாவின் வாயை அடைக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

லீலாபாய் இவ்வளவு நேரமும் ஒன்றும் பேசவில்லை. அது அவளுக்கு வழக்கமில்லாத காரியம். சுவரின் மறுபக்கம் விலாசினி இடதுகையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு வாய் எழும்பவில்லை. போன பங்குனியில் தாணுமாலயனின் ஓலை அடுக்களை பற்றி எரிந்தபோது, விலாசினியை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவள் லீலாபாய். விலாசினியின் அந்தக் கையில் முழங்கை வரைக்கும் தோல் இன்னும் சுருங்கித்தான் கிடந்தது. மரணச் சுற்று என்று ஆசாரி சொன்னதும் தாணுமாலயனின் சிரிப்பு நின்றதையும் அவள் பார்த்தாள். வேணுமென்று செய்ததல்ல, பயந்து செய்தது. அது அவளுக்குப் புரிந்தது. ஆனால் தங்கள் தையல் அறையின் மண்சுவரையும் அவளுக்குத் தெரியும்.

விஷயம் அந்தச் சுவர்தான். புது அடுக்களைக்குத் தாணுமாலயன் ஓடு போடப்போகிறான். ஓட்டின் ஓரம் சுவரைத் தாண்டி இரண்டடி நீளும். ஐப்பசியில் துலாமழை இடியோடு இறங்கும்போது அந்த ஓட்டுத் தண்ணீர் முழுவதும் ராஜையாவின் தையல் அறைச் சுவர்மூட்டில் வந்து விழும். பச்சை மண்சுவர் எத்தனை நாள் தாங்கும்? அந்த அறையில்தான் மிஷின் இருந்தது. அந்த மிஷின்தான் அந்தக் குடும்பம்.

அந்த வருஷம் மிஷினுக்கு ஓய்வே இல்லை. ஐம்பத்தாறாம் வருஷம். தமிழ் பேசுகிற தாலுக்காக்களை மெட்ராஸோடு சேர்க்கவேண்டும் என்று ஒரு கூட்டம், சேர்க்கக்கூடாது என்று ஒரு கூட்டம். இரண்டுக்கும் கொடி தைத்தவன் ராஜையா. ஒரு கொடியை மடித்து வைத்துவிட்டு அடுத்த கொடிக்கு நூலை மாற்றுவான். யாராவது கேட்டால், "எனக்கு ரெண்டும் துணிதான், ஓரம் பிரியாம இருக்கணும்," என்பான். மனசுக்குள் அவன் தமிழ்க் கட்சி. தாணுமாலயன் மற்ற கட்சி. லீலாபாய்க்கு, எந்த நாட்டில் நெத்திலி மலிவோ அதுதான் அவள் நாடு.

அடுத்த மாதத்துக்குள் அடுக்களை எழும்பி ஓடும் போட்டாயிற்று. கொல்லத்து ஓடு, சிவப்பாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆண்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பெண்களுக்கு இருந்தது. புது அடுக்களையில் கிழக்குப் பக்கமாக ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தார்கள். அதன் வழியாகக் கிழக்கே புளிமுளகுக் கறி போனது, மேற்கே அவித்த மரச்சீனிக் கிழங்கு போனது. "இது எந்த வீட்டுக் கறி?" என்று ராஜையா கேட்கமாட்டான். நாக்குக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாம் தடவை வாங்கித் தின்பான்.

ஒருநாள் லீலாபாய் ஜன்னலில் நின்று சொன்னாள்:

"விலாசினி, மழ வந்தப்பொறவு பாத்து அழுது கரையதுக்கு நான் ஆளில்ல. வெள்ளம் எங்க விழுதுன்னு இப்பமே பாத்துப்போடுவோம். உனக்க மாப்பிளைய ஏணிய எடுக்கச் சொல்லு."

"எந்தா சேச்சி செய்யான் போணது?" விலாசினிக்கு வாயில் வருவது மலையாளம்தான்.

"மழ பெய்யப்போறோம்."

மழை பெய்யும் செய்தி ஊரெல்லாம் போய்விட்டது. இருபது பேர் வந்து நின்றார்கள். தாணுமாலயன் வேண்டாவெறுப்பாக ஏணியில் ஏறினான். விலாசினியும் லீலாபாயும் கிணற்றில் கோரிக் கோரிக் குடத்தைக் கைமாற்றிக் கொடுக்க, அவன் முகட்டிலிருந்து கவிழ்த்தான். ராஜையா சுவர்மூட்டில் டேப்போடு குந்தியிருந்தான். சதாசிவன் ஆசாரி எட்டி நின்று வேறு எங்கோ பார்த்தார்.

"தாணுவே, இடி இல்லாம என்ன மழ? ஒரு இடியும் இடியும்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கொஞ்சம் கெழக்க மாறிப் பெய்யும், எனக்க மரச்சீனி வாடுது!" என்றது இன்னொன்று.

முதல் குடம் ஓட்டில் சளசளவென்று ஓடி, ஓரத்தில் துள்ளி, ராஜையாவின் முதுகில் விழுந்தது. ஊரே சிரித்தது. ராஜையாவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்ததை நான் மறைக்கப்போவதில்லை. இரண்டாவது குடம் சரியாகச் சுவர்மூட்டில் விழுந்தது. மூன்று, நாலு, ஐந்து. எட்டாவது குடத்துக்குச் சுவரின் பூச்சு வழிந்தது. பத்தாவது குடத்துக்கு ஒரு மண்கட்டி பொத்தென்று பெயர்ந்து விழுந்து, சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டைக்கு உள்ளே மிஷினின் சக்கரம் தெரிந்தது.

சிரிப்பு நின்றது. பத்துக் குடத்துக்கே இப்படி என்றால் துலாமழைக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தாணுமாலயன் முகட்டிலிருந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கி வந்து, நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே, ஒரு மாதத்துக்குப் பிறகு ராஜையாவிடம் முதல் வார்த்தை பேசினான்.

"நான் பூசித் தாறேன்."

"நீரு பூசுவீரு. மழ அதக் கழுவும். பின்னயும் பூசுவீரா? செவர எட்டு விரலு உள்ள எடும் ஓய்."

தாணுமாலயன் விலாசினியைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். "அது மட்டும் சொல்லப்பிடாது," என்றான். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு மனசு வராது ராஜையா."

சொன்னபடி பூசிக் கொடுத்தான். பூசும்போது ராஜையா உள்ளே உட்கார்ந்து மிஷினைச் சத்தமாக மிதித்துக்கொண்டிருந்தான். அன்று மாலை மனு எழுத உட்கார்ந்தான். நாலு பக்கம். தமிழில் இரண்டு, மலையாளத்தில் இரண்டு, எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லுபடியாகட்டும் என்று. சட்டைக்குப் போடுவதுபோல ஒரு படமும் போட்டு, ஒன்பதரை இஞ்சைச் சிவப்பு மையில் காட்டியிருந்தான். மறுநாள் பஸ் ஏறி தாலுக்கா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தான்.

இருபது நாளாகியும் ஒருவரும் வரவில்லை. வானத்தில் கிழக்கே மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறத் தொடங்கியது. ராஜையா முடிந்த கொடிகளைப் பெட்டியில் வைத்துக் கட்டிலின் மேல் ஏற்றினான். மிஷினை அறையின் மறுமூலைக்கு நகர்த்தினான். அங்கே வெளிச்சம் இல்லை. ஊசியில் நூல் கோக்க லீலாபாயைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"வருவானுவளா?" என்று கேட்டான்.

"நாட்டையே ரெண்டாட்டு முறிச்சிட்டு இருக்கானுவ. உங்களுக்க ஒம்பதரை இஞ்சுக்கு எவன் வருவான்?" என்றாள் லீலாபாய், நூலை நாக்கில் நனைத்துக்கொண்டே.

அது உண்மை. நவம்பர் ஒன்றாம் தேதி நாடு பிரியும் என்று முடிவாகிவிட்டது. கோடு எங்கே விழும் என்பதில்தான் ஆளுக்கொரு கதை. பனச்சமூட்டுச் சந்தையை நடுவில் முறிக்கும் என்றான் ஒருவன். வாழைக்குலை ஒரு நாட்டிலும் மீன் ஒரு நாட்டிலும் இருக்கும் என்றான் இன்னொருவன். எங்கெல்லாம் பழைய அதிர் கிடக்கிறதோ அதன் வழியாகத்தான் கோடு வரும், புதிதாகப் போடமாட்டார்கள் என்று டீக்கடையில் எல்லாம் தெரிந்த ஒருவன் சொன்னதை ஊர் அப்படியே நம்பிவிட்டது.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் காலையில் அவர்கள் வந்தார்கள். தொப்பி வைத்த ஒரு சர்வேயர், சங்கிலி தூக்கிய இரண்டு பேர், சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு கம்பு, பின்னால் ஒரு மாட்டுவண்டி. வழியில் இரண்டு மூன்று பேரிடம் எதையோ விசாரித்துக்கொண்டு மெதுவாக வந்தார்கள்.

"வந்தாச்சு! எனக்க மனுவுக்காக்கும்!" ராஜையா சட்டையைத் தேடினான்.

லீலாபாய் வெளியே எட்டிப் பார்த்தாள். சர்வேயரைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தாள். வண்டி நிறையக் கருங்கல். நன்றாகக் கொத்திய கல், ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்கமாட்டாத கனம்.

"உங்களுக்க எட்டு விரலுக்கு ஒரு வண்டி கல்லா கொண்டு வருவான்? அது நாட்டுக்கோட்டுக்க கல்லு!"

ராஜையா சட்டையில் ஒரு கையை மாட்டியபடியே நின்றான். அதே நேரம் ஜன்னலில் தாணுமாலயனின் முகம் தெரிந்தது.

"ஓய், பாத்தீரா?"

"பாத்தேன்."

"அதிரு வழியாக்கும் கோடு வரும்னு சொன்னானுவ. இஞ்ச எடயில போட்டானுவன்னா?"

"நான் வெள்ளம் கோர வேற நாட்டுக்கு வரணும்," என்றாள் லீலாபாய். அவர்கள் தண்ணீர் எடுப்பது தாணுமாலயன் கிணற்றில்தான். மனு எழுதிய மாதத்திலும் அங்கேதான் எடுத்தாள்.

"ஒரு பிடி உப்பு வாங்கான் ஞான் வேறெ நாட்டில் போணோ சேச்சீ?" விலாசினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கரையாத," என்றாள் லீலாபாய். "அதிரு இருந்தாத்தானே கோடு? அதிரே இல்லேன்னு சொல்லிப்போட்டா?"

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கய்யாலை சுவருக்குள் இருந்தது. அதிர் என்று காட்ட ஒரு பிடி மண் வெளியே இல்லை. தாணுமாலயன் செய்த அக்கிரமம் இப்படி ஒரு உபகாரத்துக்கு ஆகும் என்று ராஜையா கனவிலும் நினைத்ததில்லை.

சர்வேயர் ஜெயச்சந்திரன் திருவனந்தபுரத்துக்காரர். கம்பை அடுக்களைச் சுவரில் சாத்தச் சொல்லிவிட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வந்து நின்றார். ஓட்டைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார்.

"இவிடெ அதிரு எவிடெயாணு?"

"அதிரா?" என்றான் ராஜையா, அந்த வார்த்தையை முதல்முறை கேட்கிறவன்போல.

"அப்பிடியொண்ணு இல்லியே சார்," என்றான் தாணுமாலயன். "ஒரே புரையிடமாக்கும்."

"ஒரே புரையிடத்தில் ரெண்டு வீடோ?"

"அண்ணன் தம்பி சார்."

"அண்ணன் பேரு?"

"ராஜையா."

"தம்பி?"

"தாணுமாலயன்."

சர்வேயர் ராஜையாவின் நிலைப்படிக்கு மேலிருந்த வேதவசனத்தையும், தாணுமாலயனின் வாசலில் தொங்கிய முருகன் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சங்கிலி தூக்கியவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லீலாபாய் முன்னால் வந்தாள். "கூடப் பெறக்கல்ல சார். ஆனா அடுக்களை ஒண்ணாக்கும். இதுலதான் ரெண்டு வீட்டுக்கும் வேவுது. நடுவுல கோடு போட்டியள்னா நாங்க எங்க போய்ச் சோறு தின்ன? நம்பிக்க இல்லேன்னா இருங்க, வாறேன்."

அவள் போன வேகத்தில் விலாசினியின் சட்டியிலிருந்து மரச்சீனியும், தன் சட்டியிலிருந்து நெத்திலிக் கறியும் ஒரே இலையில் வந்தன. சர்வேயர் கை கழுவினார். வண்டிக்காரன் உட்பட எல்லோருக்கும் இலை விழுந்தது. சங்கதியைக் கேள்விப்பட்டு வந்த சதாசிவன் ஆசாரிக்கும் விழுந்தது. கறி நன்றாகக் காரம். சர்வேயர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாம் தடவை வாங்கினார்.

கை கழுவிய பிறகு அவர் தோல்பையைத் திறந்தார். நாலு பக்கக் காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். சிவப்பு மை தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அப்போ, ஒன்பதரை இஞ்சு ராஜையாங்கிறது நீங்கதானே?"

ராஜையா கழுத்தில் கிடந்த டேப்பைச் சட்டைக்குள் தள்ளினான்.

"கோடு இங்கே வராது. அது பனச்சமூட்டு பக்கம், கிழக்கே ஒரு மைல். கல்லு அங்கேயாணு போறது. இந்த மனு எங்கள் ஆபீசில் எல்லாரும் வாசிச்சாச்சு. படம் வளரெ நன்னாயிட்டுண்டு. போற வழியில் இதையும் பார்த்துட்டு வான்னு கொடுத்து விட்டாங்க." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார். "'எனக்கும் மேற்படி தாணுமாலயனுக்கும் இடையில் முப்பது வருஷமாக உள்ள அதிரை மேற்படியான் மிதித்துக் குழைத்து...'"

தாணுமாலயன் குபீரென்று சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு விலாசினி, பிறகு சங்கிலிக்காரர்கள். லீலாபாய் வாயில் தலைப்பைத் திணித்துக்கொண்டாள். ராஜையா மட்டும் சிரிக்கவில்லை.

சர்வேயர் பேனாவின் மூடியைக் கழற்றினார். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"ஞான் எது எழுதணும்? அதிரு உண்டுன்னு மனுவில் இருக்கு. அதிரே இல்லேன்னு நீங்க வாயால சொன்னீங்க. உண்டுன்னா இப்போதே சங்கிலி பிடிக்கிறேன். அளவு உங்கள் பக்கம்னா சுவரை இடிக்கணும். சொல்லுங்க."

ராஜையா கேட்டது இதைத்தான். இருபது நாள் காத்திருந்ததும் இதற்குத்தான். ஒரு வார்த்தை சொன்னால் தையல் அறை பிழைத்துவிடும். அவன் தாணுமாலயனைப் பார்த்தான். தாணுமாலயன் சிரிப்பு அடங்கி, சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றான். விலாசினி சேலைத் தலைப்பை இடதுகையின் மேல் இழுத்து மூடினாள். கிழக்கே எங்கோ முதல் இடி உருண்டது.

"வாயால பறஞ்சத எழுதும் சார்," என்றான் ராஜையா. சொல்லிவிட்டு, தன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். அதில் தாணுமாலயன் பூசிய இடம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது.

"எழுதுங்க," என்றாள் லீலாபாய். "ஆனா சொன்னது சொன்னதாட்டு இருக்கணும். அடுக்களை ஒண்ணுன்னா கூரையும் ஒண்ணாகணும். ஆசாரியே, நீரு வெத்திலைய அப்பறம் போடும். இந்த ஓட்டயும் எங்களுக்க ஓலயயும் ஒண்ணாட்டுச் சேத்தா எடயில வெள்ளம் விழுமா?"

ஆசாரி இரண்டு கூரையையும் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"எடயில ஒரு பாத்தி வச்சா விழாது. ஒரு முழுப் பனந்தடிய நெடுக்க கொடஞ்சு, ரெண்டு செவரிலயும் குறுக்குச் சட்டம் போட்டு அது மேல இருத்தணும். ரெண்டு கூரைக்க வெள்ளமும் அதுல விழுந்து தெக்க போவும்."

"சுற்று மாறிப்போவாதா?" தாணுமாலயனின் குரல் பயத்தோடுதான் வந்தது.

"சுற்று செவருக்காக்கும். கூரைக்கு ஏது சுற்று?"

"இத அண்ணைக்கே சொல்லியிருக்கப்பிடாதா ஓய்?" என்று ராஜையா கத்தினான்.

"எப்பிடிச் சொல்ல? சட்டம் உனக்க செவருல இருக்கணும். ரெண்டு பேரும் மொகம் பாக்காம நடந்தியளே, எவன்கிட்ட கேக்க?"

சர்வேயர் மனுவின் அடியில் மூன்று வரி எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ராஜையா தமிழில் போட்டான், தாணுமாலயன் மலையாளத்தில் போட்டான். வண்டி கல்லோடு பனச்சமூட்டுக்குப் போனது.

தாணுமாலயன் அன்றைக்கே தன் விளையில் நின்ற முதிர்ந்த பனை ஒன்றைச் சாய்த்தான். மூன்று நாள் வேலை. ஆசாரி கோடாலியால் பிளந்து உளியால் குடைய, சோறு போன்ற உள்மரம் குவிந்தது. வைரம் ஏறிய வெளிமரத்தில் உளி பட்டால் கணீரென்று ஒலிக்கும். தினமும் மத்தியானம் கிழக்கே மேகம் ஏறும், எல்லோரும் தலையைத் தூக்குவார்கள், மேகம் கலைந்துபோகும். "இன்னும் ஒரு நாளு பொறுத்துக்கிடும் சாமி," என்று தாணுமாலயன் சொல்வான். "கர்த்தாவே, அவன் சொல்லதக் கேளும்," என்பான் ராஜையா. லீலாபாய் காய்ச்சிய கருப்பட்டிக் காப்பியை ஆசாரி வேளைக்கு மூன்று கிளாஸ் குடித்தார். சட்டம் ஏற்றும்போது நீளம் பற்றி ராஜையாவுக்கும் அவருக்கும் சண்டை வந்தது. டேப்பால் அளந்தும் கோலால் அளந்தும் ஒரே இடத்தில் குறி விழுந்ததைப் பார்த்து இரண்டு பேருமே கொஞ்சம் ஏமாந்துபோனார்கள்.

நாலாம் நாள், பாத்தியை இருத்திக் கயிறு கட்டி ஆசாரி கீழே இறங்கிய அரைமணி நேரத்தில் மழை வந்தது. பிலாவின் இலைகள் முதலில் சலசலத்தன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை, ஓட்டில் விழும் மழை தவிர. ஐந்து பேரும் இரண்டு வீட்டுக்கும் நடுவில், ஒன்றாகச் சேர்ந்த கூரையின் கீழே, தோளோடு தோள் நின்று மேலே பார்த்தார்கள். ஓட்டுத் தண்ணீரும் ஓலைத் தண்ணீரும் பாத்தியில் விழுந்து, கலந்து, தெற்கே ஓடின. ராஜையா தன் சுவர்மூட்டைத் தொட்டுப் பார்த்தான். உலர்ந்த மண் விரலில் ஒட்டியது. அவன் அதை எல்லோருக்கும் காட்டினான். தாணுமாலயன் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

அந்த நட்பு கால்மணி நேரம் நீடித்தது. பாத்தியின் தெற்கு நுனியிலிருந்து தண்ணீர் கம்பி கம்பியாகக் கொட்டுவதைப் பார்த்த லீலாபாய் ஓடிப்போய் ஒரு அண்டாவை வைத்தாள். மழைத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வேகும். அண்டா நிரம்பும் முன்பே விலாசினி அதைவிடப் பெரிய பாத்திரமாக ஒரு குட்டுவத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"பாத்தி எனக்க செவருலயும் இருக்குதே ஓய்," என்றான் ராஜையா.

"தடி எனக்க பனையாக்கும்," என்றான் தாணுமாலயன்.

"பாத்திக்க வாயி யாருக்க பக்கம்னு பாப்போமா?" ராஜையாவின் கை கழுத்துக்குப் போனது. டேப் அங்கே இல்லை. லீலாபாயின் இடுப்பில் செருகியிருந்தது.

"மனு எழுதணுமா? காயிதம் எடுக்கட்டா?" என்றாள் அவள்.

மழைச் சத்தத்தையும் மீறி விலாசினி சிரித்தது தெரு வரைக்கும் கேட்டது.

நவம்பர் ஒன்று வந்தது, போனது. மஞ்சாடிவிளை கேரளத்தில் நின்றது. ராஜையாவுக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. மூன்றாம் நாள் இரண்டு பக்கத்துக் கொண்டாட்டத்துக்கும் மிச்சமிருந்த கொடிகளைத் தைத்தான். மிஷின் பழையபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தது.

மார்கழி பிறந்ததும் கய்யாலை வைக்கிற காலம் வந்தது. அந்த வருஷம் ராஜையாவின் முறை. பழக்கம் விடவில்லை. ஒருநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். கய்யாலை கிடந்த சுவரோரத்தில், கூரையின் கீழே, லீலாபாயும் விலாசினியும் பாய் விரித்து உட்கார்ந்து மரச்சீனிக்குத் தொலி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் எழும்புங்க," என்றான்.

"எதுக்கு?"

"கய்யாலை வைக்கணும்லா?"

லீலாபாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, தன் கையிலிருந்த கத்தியை நீட்டினாள்.

"இருங்க. பாதி கெழங்கு இன்னும் கெடக்குது."

மண்வெட்டியை அடுக்களைச் சுவரில் சாத்திவிட்டு ராஜையா கத்தியை வாங்கினான்.